மொட்டை டயரும் பதினாலு கார்களும்

சென்னையில் டூவீலர் ஓட்டுகிற அத்தனை பேரும் பிறவி ரேஸ் வீரர்கள். சந்தேகம் இருந்தால் காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு சிக்னலில் போய் நின்று பாருங்கள். ஃபார்முலா ஒன் ரேஸில் ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஐந்தும் ஒரேயடியாக அணைந்த பிறகுதான் கிளம்பவேண்டும். முந்திக்கொண்டால் தண்டனை. நம் ஊரில் சிவப்பில் இன்னும் நாலு செகண்ட் பாக்கி இருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன். கூடவே, 'யோவ், தூங்கறியா?'

எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. எண்பதுகளில் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். அப்பாவிடம் 'குரூப் ஸ்டடி' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். சாயங்காலம் சட்டையெல்லாம் செம்மண்ணும் ஆயில் வாசனையுமாகத் திரும்பி வருகிற பையன் என்ன படித்திருப்பான் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கேட்டதில்லை.

அதனால், 2005-ல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்த முதல் சீசனில், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு டி.வி. என் வசம்தான். மனைவி சீரியல் பக்கம் தலைவைக்க முடியாது.

அந்த வருஷம் ஜூன் 19. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். நம் ஊரில் ராத்திரி பதினொன்றரை. இருபது கார்கள் மெதுவாக ஒரு சுற்று வந்தன. ஸ்டார்ட் ஆகவேண்டிய நேரத்தில் பதினாலு கார்கள் வரிசையாக பிட்டுக்குள் போய்விட்டன. மிச்சம் ஆறே ஆறு. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், டிராக்கில் பாட்டில் வீசினார்கள். ஆறு கார் ரேஸில் ஷூமாக்கர் முதலாவது வந்தார். நம்ம நரேன் நாலாவது! ஐந்து பாயிண்ட்! நான் கைதட்டிய சத்தத்தில் நாலு வயசுப் பையன் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

காரணம் டயர். அங்கே பதிமூன்றாவது வளைவு சாய்வாகக் கட்டியது. முன்னூறு கிலோமீட்டர் வேகத்தை நெருங்கி வரும்போது கார் டயரைத் தரையோடு சேர்த்து அமுக்கும். வெள்ளிக்கிழமை பிராக்டீஸிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா பின் டயர் போய் சுவரில் மோதியது. அந்த வருஷ விதிப்படி தகுதிச்சுற்று, ரேஸ் இரண்டுக்கும் ஒரே செட் டயர்தான். டயர் கொடுத்த மிஷெலின் கம்பெனியே, அந்த வளைவில் வேகம் குறையாவிட்டால் எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்லமுடியாது என்று கைவிரித்துவிட்டது. வளைவில் தடுப்பு வைக்கக் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். அதனால்தான் மிஷெலின் டயர் போட்ட பதினாலு பேரும் ஒதுங்கினார்கள். ஒடியது பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும். மிஷெலின் பிறகு ரசிகர்களுக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தது.

உலகத்திலேயே வேகமான பதினாலு பேர், கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, டயர் சரியில்லை என்று வண்டியை நிறுத்தினார்கள். நான் நரேனின் ஐந்து பாயிண்ட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம் நவம்பர். சென்னையில் அப்படி ஒரு மழை. என் பைக்கின் பின் டயர் மொட்டை. மெக்கானிக் மூன்று தடவை சொல்லிவிட்டார். "ஸார், மாத்திருங்க. மழைக்காலம்." "சம்பளம் வரட்டும்ப்பா" என்றேன், மூன்று தடவையும். ஒரு நாள் சாயங்காலம் பையனைப் பின்னால் உட்காரவைத்து வந்துகொண்டிருந்தேன். வடபழனிப் பக்கம் ஒரு திருப்பம். முன்னால் ஆட்டோ சடாரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றுவிட்டது. ஆனால், நாங்கள் நிற்கவில்லை.

எனக்கு முழங்கால் சிராய்ப்பு. பையனுக்குக் கை எலும்பு முறிவு. மாவுக்கட்டு போடும்போது அவன் அழவில்லை. "அப்பா, நாம ரேஸ்ல தோத்துட்டோமா?" என்று கேட்டான். அன்றைக்கு அழுதது வேறு ஆள்.

இதெல்லாம் எதற்கு இப்போது? அந்தப் பையன் வேலைக்குப் போகிறான். சொந்த பைக். போன ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது பார்த்தேன், பின் டயர் என் தலை மாதிரி இருந்தது.

"என்னடா இது?"

"ஏம்ப்பா, ரேஸ் டயரே வழவழன்னுதானே இருக்கு?"

நியாயமான கேள்விதான். பதில் சொன்னேன். ரேஸ் டயர் வழவழப்பு என்றால் அது மெத்தென்ற ரப்பர்; நூறு டிகிரி சூட்டில் ரோட்டைக் கவ்விக்கொள்ளும். ஒரு ரேஸோடு அதன் ஆயுசு முடிந்தது. உன் டயர் வழவழப்பு என்றால் நல்ல ரப்பரெல்லாம் ரோட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மழை வந்தால் அவர்களும் பிட்டுக்கு ஓடி, தண்ணீரை வெளியேற்றக் கோடு வெட்டிய டயரைத்தான் மாட்டுவார்கள். ரோட்டைத் தொடுகிற இடம் உள்ளங்கை அளவுகூட இல்லை. உன் எண்பது கிலோவும் வண்டியும் அதை நம்பித்தான் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்கு. டயரின் கோட்டுக்குள் சின்ன மேடு இருக்கும், ஓரத்தில் 'டி.டபிள்யூ.ஐ.' என்று போட்டிருப்பான். ரப்பர் அந்த மேட்டளவு தேய்ந்தால் டயர் காலி.

"போன் மாத்த மட்டும் காசு இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன். அப்பாவாக இருந்தால் அதைச் சொல்லாமல் முடியாது.

அவன் பேசவில்லை. முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினான்.

"பைக் எங்கேடா?"

"பிட்ல நிக்குதுப்பா!"