ஹன்சாட்டில் கிடக்கும் எச்சரிக்கைகள்

2022 மார்ச் மாதக் கடைசி. யாழ்ப்பாணத்தில் ஒரு பெற்றோல் செட்டுக்கு வெளியே மண்ணெண்ணெய் வரிசை. கான்களின் பிடிகளுக்குள்ளால் நைலோன் கயிற்றைக் கோத்து நிரையாக வைத்துவிட்டு, ஆட்கள் மதில் நிழலில் குந்தியிருந்தார்கள். என் கானுக்கு முன்னால் இருந்த கான் ஒரு கடற்றொழிலாளியுடையது. எண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடக்கிறது என்றார். பக்கத்தில் கிடந்த பத்திரிகையில் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவின் படம். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "உவையள் பாராளுமன்றத்திலை இருந்து என்ன செய்தவை, தம்பி? உப்பிடி வரப்போகுதெண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே?"

சொன்னார்கள். அவருக்கு அன்று என்னால் விளக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டிலும் வேறு இடங்களிலும் தேடி வாசித்தவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொன்னவர் மங்கள சமரவீர. 2019 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், கோட்டாபய ராஜபக்ச தரப்பின் வரிக்குறைப்பு வாக்குறுதி மேடைகளில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது. அப்போது நிதி அமைச்சராக இருந்த மங்கள, இதை நடைமுறைப்படுத்தினால் நாடு வங்குரோத்தாகும், இன்னொரு வெனிசுவேலாவாகவோ கிரேக்கமாகவோ ஆகும் என்று எச்சரித்தார். தோற்கப்போகிற கட்சியின் புலம்பல் என்றுதான் அதை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தேர்தலில் அவருடைய அணி தோற்றது. டிசம்பர் 1ஆம் திகதியே பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபா வியாபாரம் செய்பவர் அந்த வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 30 கோடியாக உயர்ந்தது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்பட்ட வரியும் நின்றது. பொருட்களின் விலை குறையும் என்று சனம் நம்பியது. குறைந்தது அரசின் வருமானம்.

அதற்குப் பிறகுதான் கொரோனா வந்தது. எங்களுடைய வீழ்ச்சிக்குப் பெருந்தொற்றே காரணம் என்று இன்றும் சொல்பவர்கள் இந்த வரிசையை மறக்கக்கூடாது. வருமானத்தின் கழுத்தை நெரித்தது முதலில்; நோய் வந்தது பிறகு. சுற்றுலாவும் வெளிநாட்டுப் பணமும் வற்றியபோது கையில் தாக்குப்பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. மதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் தரத்தை இறக்கின, வெளியில் கடன் எடுக்கும் கதவு மூடியது. 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு 2021 முடிவில் 310 கோடிக்கு வந்தது. அதிலும் ஏறக்குறைய பாதி, சீனாவுடன் செய்த நாணயப் பரிமாற்றப் பணம். கணக்கில் நிற்கும், ஒரு கப்பல் டீசலுக்குக் கொடுக்க உதவாது.

இந்த இரண்டு ஆண்டுகளிலும் சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தியைச் சேர்ந்த ஹர்ஷ டி சில்வாவும் எரான் விக்ரமரத்னவும் பாராளுமன்றத்தில் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்: சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள், கடனை மறுசீரமையுங்கள், இருக்கிற டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள். அரசாங்கம் உள்நாட்டுத் தீர்வு என்றது. 2021 செப்டம்பரில் மத்திய வங்கி ஆளுநராக வந்த அஜித் நிவார்ட் கப்ரால் அதையே பெருமையாகப் பேசினார். அவர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை. உரமில்லாமல் பெரும்போகம் செய்ய முடியாது என்று கமக்காரர் வீதிக்கு இறங்கினார்கள், எதிர்க்கட்சி அவர்களோடு நின்றது. நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்துவிட்டது. விளைச்சல் விழுந்தது. அரிசிக்கும் டொலர் தேடவேண்டிய நாடானோம்.

2022 ஜனவரி 18ஆம் திகதியை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அன்று 50 கோடி டொலர் பிணைமுறி ஒன்று முதிர்ந்தது. கொடுக்காதீர்கள், கடன் கொடுத்தவர்களோடு பேசுங்கள் என்று ஹர்ஷ மன்றாடாத குறையாகச் சொன்னார். பெப்ரவரி முதல் ஒக்டோபர் வரை கட்டவேண்டியது 480 கோடி டொலர், இந்தப் போக்கில் போனால் நாடு முழுவதுமாக வங்குரோத்தாகும் என்று கணக்கை சபையில் வைத்தார். இலங்கை ஒருநாளும் கடன் தவறியதில்லை என்ற பெயரைக் காப்பாற்றவேண்டும் என்றது அரசு. காசு போனது. பெயர் நின்றது மூன்று மாதம். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அதே அரசு அறிவித்தது. மே முதல் வாரத்தில் நிதி அமைச்சர் அலி சப்ரி, கைக்கெட்டும் கையிருப்பு 5 கோடி டொலரும் இல்லை என்று பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஜனவரியில் கொடுத்தது அதைப்போல் பத்து மடங்கு. அந்தப் பணத்தில் எத்தனை காஸ் கப்பல் வந்திருக்கும், எத்தனை ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் இருவர் அங்கேயே விழுந்து செத்தார்கள். அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது.

இவ்வளவு சரியாகச் சொன்னவர்களின் பேச்சு ஏன் எடுபடவில்லை? ஆட்டத்தை முடித்தது எண்ணிக்கை. 2020 ஓகஸ்ட் தேர்தலில் பொதுஜன பெரமுனவுக்கு 145 ஆசனம், ஐக்கிய மக்கள் சக்திக்கு 54. ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. ஜனாதிபதியிடம் அதிகாரம் குவிந்தது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் எம்.பி. ஆகலாம் என்றானது. பசில் ராஜபக்ச பாராளுமன்றத்துக்குள் வந்து 2021 ஜூலையில் நிதி அமைச்சரானது அந்தத் திருத்தம் திறந்த வழியால்தான். அதற்குக் கையுயர்த்தியவர்களில் 8 பேர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து போனவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் சனத்தின் வாக்கை வாங்கிப் போனவர்கள். வங்குரோத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் எங்கள் ஊர்களில் பேசவேண்டும்.

மற்றக் காரணம், சொன்னவர்களின் பழைய கணக்கு. 2007இல் மகிந்த ராஜபக்ச அரசு முதலாவது சர்வதேச பிணைமுறியாக 50 கோடி டொலர் எடுத்தபோது, எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சி அதை விற்றுக்கொடுத்த வங்கிகளுக்கே எச்சரிக்கை அனுப்பியது. தங்கள் ஆட்சி வந்தால் இந்தக் கடனுக்குப் பொறுப்பில்லை என்றது. 2015இல் ஆட்சி வந்தது. அவர்களே அடுத்தடுத்துப் பிணைமுறி விற்றார்கள். வந்த இரண்டாம் மாதமே மத்திய வங்கிப் பிணைமுறி ஊழல் வேறு. அந்த ஆட்சியில் அமைச்சர்களாக இருந்தவர்கள் 2021இல் கடனைப் பற்றிப் புத்தி சொன்னபோது, ஆளும் தரப்புக்குத் திருப்பி எறிய ஒரு கல் எப்போதும் கையில் இருந்தது. சரியான கணக்கைச் சொன்ன வாய்க்கும் பழைய கறை இருந்தது.

பேரிடர் வந்த பிறகும் எதிர்க்கட்சிகள் தடுமாறின என்பதை மறைக்கத் தேவையில்லை. மார்ச் 23இல் கூடிய சர்வகட்சி மாநாட்டுக்கு ஐக்கிய மக்கள் சக்தியும் ஜே.வி.பி.யும் போகவில்லை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ரணில் விக்ரமசிங்கவும் போனார்கள். மே மாதம் மகிந்த விலகி பிரதமர் கதிரை வெறுமையானபோது, கோட்டாபய போனால்தான் வருவோம் என்று சஜித் நின்றார். கொள்கையாக அது சரி. ஆனால் எரிபொருளும் மருந்தும் இல்லாத நாட்டில் தயங்கிய அந்த நாட்களுக்குள், ஒற்றை ஆசனக் கட்சியின் ரணில் பதவியேற்றுவிட்டார். மே 17இல் ஜனாதிபதி மீதான அதிருப்திப் பிரேரணையை விவாதத்துக்கு எடுக்கும் முயற்சி 119க்கு 68 என்று தோற்றது. கோட்டாபயவை ஜூலையில் நாட்டைவிட்டு ஓடவைத்தது காலிமுகத்திடலில் கூடாரம் போட்டிருந்த சனம்.

பாதுகாப்புச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர் முடிந்து 13 ஆண்டுக்குப் பிறகும் வரவு செலவுத் திட்டத்தின் பெரும் பங்கைத் தின்னும் அந்தச் செலவைக் குறையுங்கள் என்று அழுத்திக் கேட்டவர்கள் வடக்கு கிழக்கின் தமிழ்ப் பிரதிநிதிகள். தெற்கின் எதிர்க்கட்சிகள் அந்த இடத்தில் மென்று விழுங்கின. திறைசேரி காலியாகிப்போன ஆண்டிலும்கூட.

தான் எச்சரித்த வங்குரோத்தைப் பார்க்க மங்கள சமரவீர இருக்கவில்லை. 2021 ஓகஸ்ட் 24இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், ஐந்து நீதியரசர்களில் நால்வரின் முடிவாக, கோட்டாபய, மகிந்த, பசில், கப்ரால் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறி இந்தப் பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமானார்கள் என்று தீர்த்தது. வழக்குப் போட்டவர்கள் நட்டஈடு கேட்கவில்லை. செலவாக 150,000 ரூபா கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. 2020க்குப் பிறகு ஆளும் தரப்பின் கையில் இருந்த பாராளுமன்ற அரசாங்க நிதிக் குழுவின் தலைமை, இப்போது எதிர்க்கட்சியின் ஹர்ஷ டி சில்வாவிடம் இருக்கிறது. தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களோடு வந்த பிறகும் அதை அவரிடமே விட்டது. அது நல்ல காரியம். அந்தக் குழு என்ன சொல்கிறது என்பதை எங்கள் தமிழ்ப் பத்திரிகைகள் உள்பக்கத்து மூலையில் போடாமல் விரிவாக எழுதவேண்டும். நீங்களும் உங்கள் ஊர் எம்.பி. வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது, வரவு செலவுத் திட்டத்தில் எதற்குக் கையுயர்த்தினீர்கள் என்று கேளுங்கள்.