காப்பீட்டுப் பணம் வந்தால் வீட்டை விற்றதாகக் கணக்கு

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஜூலை 31 கடைசி நாள். பெங்களூரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள் பலரும் ஒரே சந்தேகத்தைத்தான் எழுதுகிறார்கள். 2025 மே மழையில் ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்கியதே, அப்படிப்பட்ட சேதத்துக்கு வரும் காப்பீட்டுத் தொகைக்கு வரி உண்டா?

முதலில் பழுதுச் செலவு. வாடகையில் சொத்து வரி போக மிஞ்சுவதில் 30 சதவீதம் கழியும். இது சலுகை என்று சொல்லப்பட்டாலும் நடைமுறையில் உச்சவரம்புதான். மிஞ்சுவது 3 லட்சம் என்றால் கழிவு 90,000. வெள்ளத்துக்குப் பின் 4 லட்சம் செலவழித்தவருக்கும் அதேதான், ஓர் ஆணிகூட அடிக்காதவருக்கும் அதேதான். காப்பீட்டு பிரீமியமும் அதற்குள்ளேயே அடக்கம்.

என்னை உறுத்துவது வருமான வரிச் சட்டத்தின் 45(1ஏ) பிரிவு. வனியா சில்க் மில்ஸ் என்ற நிறுவனம் வாடகைக்கு விட்டிருந்த இயந்திரங்கள் 1966இல் தீயில் எரிந்தன. அழிந்த பொருளை யாரும் யாருக்கும் கைமாற்றவில்லை, எனவே காப்பீட்டுப் பணத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999 நிதிச் சட்டம் இந்தப் பிரிவைச் சேர்த்து அந்த வழியை அடைத்தது. வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம், தற்செயலான தீ போன்றவற்றுக்காக வரும் காப்பீட்டுத் தொகை விற்பனை விலையாகவே கருதப்படும். வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஆனாலும் பணம் வந்த ஆண்டிலேயே ஆதாயக் கணக்கு.

வீடு முழுதாக அழிந்தால் கணக்கு எளிது. தரையும் சுவரும் மட்டும் கெட்டிருந்தால்? 60 லட்சத்துக்கு வாங்கிய வீட்டில் அந்தத் தரையின் அடக்கவிலை எவ்வளவு? சட்டத்தில் சூத்திரம் இல்லை. வந்த பணம் முழுவதையும் கொத்தனாருக்கே கொடுத்திருந்தாலும், அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நட்டத்தை ஈடுகட்ட வந்த பணத்தில் லாபம் தேடுவது நியாயமே இல்லை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சேதமான பகுதியின் அடக்கவிலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்வேயர் அறிக்கையையும் பில்களையும் பத்திரப்படுத்துங்கள். இப்போது கழிக்கும் பங்கை, பின்னால் வீட்டை விற்கும்போது மறுபடி கழிக்க முடியாது.

பெயின்ட் அடித்த செலவு? 30 சதவீதத்துக்குள் போயிற்று.

மேலே மாடி கட்டினால்? அடக்கவிலையில் சேரும்.

குழாய் வெடித்துச் சேதமென்றால்? அந்தப் பிரிவின் பட்டியலில் இல்லை. 1991 தீர்ப்பை வைத்து வாதிடலாம்.

வீடு காலியாகக் கிடந்த மாதங்கள்? வராத வாடகையைக் காட்ட வேண்டாம்.

எந்தப் படிவம்? தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு ஐடிஆர்-2.