உங்களுக்குத் தெரியுமா? ஒரு யூரோ வீடும் சாரம் கிடைக்காத ஊரும்

இத்தாலியின் சிசிலித் தீவில் சம்பூக்கா என்றொரு மலையூர். ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த 16 வீடுகளை 2019-ல் ஊர் நிர்வாகமே ஏலத்துக்கு விட்டது. ஆரம்ப விலை ஒரே ஒரு யூரோ! செய்தி பரவியதும் உலகின் நாலா பக்கமிருந்தும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். நிபந்தனையைப் படித்த பிறகுதான் பலருக்கு விஷயம் புரிந்தது. 5,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவழித்து வீட்டைச் செப்பனிட வேண்டும். தவறினால் முன்பணம் போச்சு. அமெரிக்க நடிகை லொரெய்ன் பிராக்கோ ஒரு வீட்டை 200 யூரோவுக்கு வாங்கினார். அதைச் செப்பனிட்ட கதை 2020-ல் தொலைக்காட்சித் தொடராகவே ஓடியது. வாங்கிய கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கொத்தனாரையும் பிளம்பரையும் வைத்து வேலை வாங்கிய கதைக்குத்தான் பல வாரம் தேவைப்பட்டது.

✦

அதே இத்தாலியில் 2020-ல் 'சூப்பர்போனஸ்' என்றொரு திட்டம். எரிசக்தி மிச்சமாகும்படி வீட்டைப் புதுப்பித்தால், செலவில் 110 சதவீதத்தை வரிக்கழிவாக அரசு திருப்பித் தந்தது. ஆமாம், நூறு செலவழித்தால் நூற்றுப் பத்து! அந்தக் கழிவைக் கான்ட்ராக்டரிடமோ வங்கியிடமோ கைமாற்றிவிடவும் வழி வைத்தார்கள். கைக்காசு போடாமல் வீடு புதுசாகும் என்றால் யார் பேரம் பேசுவார்கள்? கான்ட்ராக்டர் சொன்னதுதான் விலை. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கியதால், சாரம் கட்டும் இரும்புக் குழாய்க்கே தட்டுப்பாடு வந்தது. செய்யாத வேலைக்குப் பில் போட்டவர்களும் பிடிபட்டார்கள். அரசின் தலையில் விழுந்த சுமை 10,000 கோடி யூரோவுக்கும் மேல்.

✦

ஸ்வீடனில் வீட்டு ரிப்பேர் பில் இரண்டாகப் பிரிந்து வரும்: பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு. கூலியில் மட்டும் 30 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. 'ரூட்' என்று பெயர். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 குரோனர்வரை கிடைக்கும். நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். வேலை செய்தவரே பில்லில் கழித்துக்கொண்டு, கழித்த தொகையை வரித்துறையிடம் வாங்கிக்கொள்வார். டைல்ஸுக்கும் சிமெண்டுக்கும் சல்லிக்காசு சலுகை கிடையாது. அங்கே மலைக்கவைப்பது கூலிதான். ஒரு மணி நேர வேலைக்கு நாம் கொடுக்கும் காசுக்குள் வேலை செய்பவருடைய ஓய்வூதியம், விடுமுறைச் சம்பளம், காப்பீடு, கருவிகளோடு வந்து நிற்கும் வேன் எல்லாமே அடக்கம். பில் போடாமல் ரகசியமாக வேலை வாங்கும் ஆசை மக்களுக்கு வரக்கூடாது என்பதும் இந்தச் சலுகைக்கு ஒரு காரணம். 2025-ல் மே 12 முதல் ஆண்டு முடியும்வரை இதையே 50 சதவீதமாக உயர்த்திக் கொடுத்தார்கள்.

✦

"பில் வேண்டாம் சார், கையில் கொடுத்துடுங்க, கொஞ்சம் குறைச்சுக்கலாம்." இந்த வசனம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மனியில் இதற்கு 'ஷ்வார்ட்ஸ்ஆர்பைட்', அதாவது கறுப்பு வேலை என்று பெயர். அங்கே ஒருவர் வீட்டு முன்வாசல் பாதைக்குக் கல் பதிக்க 1,800 யூரோ பேசினார். பில் இல்லை, வரி இல்லை. லாரி ஏற்றுகிற அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டிய தளம் மேடும் பள்ளமுமாகப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வரி ஏய்ப்புக்காகச் செய்த ஒப்பந்தமே செல்லாது, ஆகவே குறையைச் சரிசெய்யச் சொல்லும் உரிமையும் இல்லை என்று 2013-ல் தீர்ப்பு. அடடா, வேலை செய்பவனுக்கு யோகம் என்று நினைத்துவிடாதீர்கள். 2014-ல் இன்னொரு வழக்கு: வேலையை முடித்துக் கொடுத்த கான்ட்ராக்டர் பாக்கிக் கூலி கேட்டு வந்தார். அவருக்கும் ஒன்றும் கிடையாது என்றது அதே நீதிமன்றம். 2015-ல் மூன்றாவது தீர்ப்பு: கறுப்பு வேலைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஆக, எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது.

இதே ஜெர்மனியில் பில்லோடு வேலை வாங்கினால், கூலியில் 20 சதவீதம், ஆண்டுக்கு 1,200 யூரோவரை வருமான வரியில் குறையும். வேலைக்காரர் வந்துபோன செலவும் இந்தக் கணக்கில் சேரும். ஒரே கண்டிப்பு: பணம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீதை நீட்டினால் செல்லாது.

✦

ஜெர்மனியில் டைல்ஸ் ஒட்டும் தொழிலைச் சொந்தமாக நடத்த 'மைஸ்டர்' பட்டம் வேண்டும். நம்ம 'மேஸ்திரி' அனுபவத்தில் கிடைக்கும் பெயர். 'மைஸ்டர்' பரீட்சை எழுதி, செய்து காட்டி வாங்குவது. 2004-ல் 53 தொழில்களுக்கு இந்தக் கட்டாயத்தை நீக்கிப் பார்த்தார்கள். பிறகு மனம் மாறி, 2020-ல் டைல்ஸ் உட்பட 12 தொழில்களுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

✦

பிரிட்டனில் புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். இருக்கிற வீட்டைப் புதுப்பித்தால் பொதுவாக 20 சதவீதம். அதே வீடு இரண்டு ஆண்டு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்திருந்தால் 5 சதவீதம்தான்! பழசைப் பேணுபவனுக்கு வரி, புதுசுக்கு விலக்கு. இதில் என்ன நியாயமோ, எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் கணக்கு தலைகீழ். பிரான்ஸில் இரண்டு ஆண்டுக்கு மேல் பழைய வீடானால் புதுப்பிக்கும் வேலைக்கு 10 சதவீதம், பெல்ஜியத்தில் பத்து ஆண்டுக்கு மேலானால் 6 சதவீதம்.

✦

பிரான்ஸில் இன்னொரு விசேஷம். கட்டுமான வேலை எடுப்பவர் பத்து ஆண்டுப் பொறுப்புக்கான காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று 1978-லேயே சட்டம் வந்துவிட்டது. கூரை ஒழுகி வீடு வசிக்க லாயக்கில்லாமல் போனால், ஒன்பதாம் ஆண்டிலும் கேட்கலாம். அந்தக் காப்பீட்டின் பிரீமியமும் கொட்டேஷனுக்குள் ஒளிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

✦

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே வீட்டு ரிப்பேருக்குப் பொதுவாக அட்வான்ஸ் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக்கூடாது. "பாதியைக் கொடுங்க, பொருள் வாங்கணும்" என்று ஆரம்பிப்பவரிடம் உஷார்.

இதைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு விதியும் உண்டு. கான்ட்ராக்டருக்கு நீங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். அவர் பிளம்பருக்கோ மரக்கடைக்கோ கொடுக்காமல் விட்டுவிட்டார். பணம் வராத பிளம்பர் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரிப் பதிவு செய்யலாம். 'மெக்கானிக்ஸ் லியன்' என்பார்கள். அது இருக்கும்வரை வீட்டை விற்பது பெரும்பாடு. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர்கள் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள், ஒவ்வொருவரிடமும் "எனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது" என்று எழுதி வாங்கிய பிறகே அடுத்த செக்கைக் கொடுக்கிறார்கள்.

✦

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் சுவரை உடைப்பது, துளை போடுவது போன்ற இரைச்சல் வேலை எல்லாம் திங்கள் முதல் வெள்ளிவரை, காலை 9 முதல் மாலை 5-க்குள் மட்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. வேலை எடுப்பவர் வீவக பட்டியலில் உள்ளவராக இருக்க வேண்டும். புது வீட்டில் வீவக பதித்துத் தந்த குளியலறை டைல்ஸை முதல் மூன்று ஆண்டுக்கு உடைக்கவும் முடியாது, தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும் என்பதால். இப்படிப்பட்ட உடைப்பு வேலைக்கு வருகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் நிறைய. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் சொன்னார்: "அங்க அஞ்சு மணி ஆச்சுன்னா மிஷினை அணைச்சே ஆகணும். ஊருல என் வீட்டு வேலைக்குத்தாண்ணே ஆளே வர மாட்டேங்கிறான்."