கடை அட்டையும் கணக்கு நோட்டும்

புது தில்லியில் 1921-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பன்னிரு பக்க அங்காடியே கோல் மார்க்கெட். அதனைச் சூழ்ந்து மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இவ்வட்டாரத்தில் வாழ்ந்தன. மாதச் சம்பளக்காரர்கள் மிகுந்த பகுதியாதலால், மளிகைக் கடைகளில் கணக்கு நோட்டு வைத்துப் பொருள் வாங்குவது இங்கு இயல்பாயிற்று. வாடிக்கையாளர் எந்த அலுவலகம், சம்பளம் என்றைக்கு, குடியிருப்பு எண் என்ன என்பவற்றை அறிந்தே கடைக்காரர் கடன் தந்தார். வட்டி என்ற பெயரில் அவர் எதுவும் வாங்கவில்லை. விலையில் அது ஓரளவு மறைந்திருந்தது என்று கொள்வதில் தவறில்லை. விலைச் சுமையைக் குறைக்கும் பொருட்டு 1963-இல் மத்திய அரசு ஊழியர்களுக்கெனக் கேந்திரீய பண்டாரும், 1966-இல் கன்னாட் பிளேசில் சூப்பர் பஜாரும் தோன்றின.

அந்த நோட்டின் இடத்தை இன்று, பெரிய கடைகளின் பெயர் பொறித்த கடன் அட்டை பிடிக்க முற்படுகிறது. அமெரிக்காவில் பல்பொருள் அங்காடிகள் தம் வாடிக்கையாளருக்குத் தாமே கடன் அட்டை வழங்கிய மரபு உண்டு. நம் நாட்டு முறை வேறு. வங்கியோ ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற்ற நிதி நிறுவனமோதான் அட்டை வழங்கலாம். கடை தன் பெயரைத் தந்து விற்பனைக்கு உதவும் கூட்டாளி மட்டுமே. அட்டைதாரரின் செலவு விவரங்களைப் பார்க்கவும் அதற்கு அனுமதியில்லை. ஆகவே, கடை வாயிலில் மேசையிட்டு விண்ணப்பம் வாங்கும் இளைஞர் “உறுதியாகக் கிடைக்கும்” என்று சொன்னால், அது அவருடைய நம்பிக்கை, வங்கியின் முடிவன்று.

வங்கி எதனைப் பார்க்கிறது? வயது, நிரந்தர வருமானம், பான் எண், முகவரிச் சான்று ஆகியவை தொடக்கம். அரசுக் குடியிருப்பில் வாழ்வோர் மாற்றலின்போதும் ஓய்வின்போதும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பதால், ஆவணங்களில் பழைய முகவரியே நின்றுவிடுவதுண்டு. இதனை முன்னதாகவே திருத்திக்கொள்வது நலம். அடுத்து வருவது கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கை. இவை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. கடனைத் தவணை தவறாது கட்டினோமா, இருக்கும் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தியுள்ளோம், அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டோம் என்பவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகின்றன. ஒரே வாரத்தில் நான்கு கடைகளில் விண்ணப்பிப்பவர், பண நெருக்கடியில் உள்ளவராகவே வங்கியின் கண்ணுக்குத் தெரிவார். தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. அதுவே நம் கவனத்துக்குரியது. முப்பது ஆண்டுகள் மளிகைக் கணக்கை மாதந்தோறும் தீர்த்த குடும்பத் தலைவியின் நாணயம் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. கணவர் பெயரிலேயே எல்லாக் கடனும் இருந்து, பின்னர் குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண், வங்கிக்கு வரலாறே இல்லாதவர். ஒப்பந்த ஊழியரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நோட்டு அறிந்திருந்ததை அறிக்கை அறியாது. இத்தகையோருக்கு எளிய வழி, நிலையான வைப்புத்தொகையின் ஈட்டின்மேல் வழங்கப்படும் அட்டை. அதன் பாக்கியை ஒழுங்காகச் செலுத்திவந்தால் வரலாறு உருவாகும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், குறிப்பான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. அக்கடிதத்தைக் கேட்டுப் பெறுவோர் குறைவு. அறிக்கையில் பிழை இருப்பின் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்னும் ஏற்பாடு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அட்டை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடை 5 விழுக்காடு தள்ளுபடி தருகிறது. 20,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாயை மட்டும் கட்டுகிறோம். மாத வட்டி 3.5 விழுக்காடாயின் 700 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி 126 ரூபாய். கட்டிய ஆயிரத்தில் அசலுக்குச் சென்றது 174 ரூபாய்தான். இரண்டே மாதங்களில் தள்ளுபடியை வட்டி விழுங்கிவிடும். போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை புதிய கொள்முதலுக்கும் வட்டியில்லாக் காலச் சலுகை கிட்டாது. வட்டிக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு வகுத்துத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் பிறப்பித்த ஆணையை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆகையால், கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி வட்டி விகிதமே.

வீட்டுக்கு வந்த அட்டையை 30 நாட்களுக்கு மேல் இயக்காது வைத்திருந்தால், வங்கி ஒருமுறைக் கடவெண் வழியாக நம் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஒப்புதல் அளிக்காவிடில், ஏழு வேலை நாட்களுக்குள் கட்டணமின்றி அக்கணக்கை மூடியாக வேண்டும்.