பேரன் போட்ட மாடும் மாம்பழக்கூழ் ஆலையும்

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் ஆலை அனுபவம் ஒன்றை எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஆண்டு என் வீட்டில் நடந்த ஒரு பஞ்சாயத்து அதைவிட ருசியானது. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர்கள் நம்மில் பலர் இருப்பதால் அதையே எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்துக்காரன். 1986-ல் சித்தூருக்கு அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் மாங்கொட்டை வாசனையிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்றேன். இப்போது திருப்பதியில் மூத்த மகனோடு இருக்கிறேன். மகள் மஸ்கட்டில். இளையவன் சித்தூரிலேயே தங்கிவிட்டான். வீட்டுக்கொன்றாக மூன்று பேரப்பிள்ளைகள். மூன்றும் தெலுங்கும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும். தமிழ் என்னோடு மட்டும்தான்.

ஒருநாள் திருப்பதிப் பேரன் வந்து, "தாத்தா, மாட் போடணும், அப்பாகிட்ட சொல்லுங்க" என்றான். மாடி வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது என்று கேட்டேன். சிரித்து உருண்டான். ‘மாட்’ என்றால், ஒருவர் செய்த விளையாட்டின் மேல் வேறொருவர் எழுதி ஒட்டவைக்கும் கூடுதல் நிரலாம். அடுத்து, மூன்று பேரும் சேர்ந்து விளையாட ஒரு ‘சர்வர்’ வேண்டும் என்றான். நமக்குத் தெரிந்த சர்வர் இட்லி கொண்டுவருபவர். இது, ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொதுக் கம்ப்யூட்டர். மகனின் பழைய இயந்திரம் ஒன்று அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டது.

விளையாட்டின் பெயர் மைன்கிராஃப்ட். ஸ்வீடன் நாட்டு மார்கஸ் பெர்சன் என்பவர் 2009-ல் வெளியிட்டது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. உலகம் முழுவதும் கட்டை கட்டையாக இருக்கும். மரத்தை வெட்டலாம், கல்லைத் தோண்டலாம், கிடைத்ததைக் கொண்டு வீடோ கோட்டையோ கட்டலாம். ஜெயித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆற்றுமணலில் கோயில் கட்டி விளையாடியது போலத்தான். இதில் மழை வந்து கரைப்பதில்லை.

இதில் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்றால், ஒரு சொல்லால். பேரன் போகிறபோக்கில் ‘ஹாப்பர்’ என்றான். ஹாப்பரா! முப்பது வருஷம் நான் பழுது பார்த்த சாமான் ஆயிற்றே! மேலே அகன்று கீழே குறுகிய அதே புனல். 2013-லிருந்து விளையாட்டிலேயே இருக்கிறதாம். போட்ட சரக்கை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளும். ஒரு பொருளுக்கு 0.4 விநாடி, அதாவது விநாடிக்கு இரண்டரை. அங்கே இருக்கும் உலை ஒரு தாதுக்கட்டியை உருக்க 10 விநாடி எடுக்கும். அப்படியானால் ஒரு ஹாப்பரின் வேகத்துக்கு எத்தனை உலை வேண்டும் என்று கேட்டேன். விழித்தான். பத்தை 0.4-ஆல் வகுத்தால் 25. அவன் மூன்று உலை வைத்துக்கொண்டு, ஏன் பெட்டி நிரம்பி வழிகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தான்.

ஆலையில் இதற்கு லைன் பேலன்ஸிங் என்று பெயர். பழுத்த தோத்தாபுரியைக் கழுவி, காம்பு வெட்டி, கொட்டை நீக்கி, கூழாக்கி, வடிகட்டி, சூடுபடுத்தி, கிருமி புகாத பைகளில் நிரப்பி, டிரம்முக்குச் சுமார் 215 கிலோ என்று அடைப்போம். இதில் எந்த இடம் மெதுவோ அதுதான் முழு ஆலையின் வேகம். மற்ற எந்திரங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை; இடையில் கூழ் தேங்கிப் புளித்துப்போகும். ஒரு சீசனில் நிரப்பும் எந்திரம் இரவில் நின்றுபோய், காலைக்குள் நாங்கள் கொட்டிய கூழை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

விளையாட்டிலும் இப்படிக் கொட்டியிருக்கிறார்கள். 2011 வாக்கில் வந்த பில்ட்கிராஃப்ட் என்ற மாட்தான் குழாய்களையும், தானே நிலத்தைத் தோண்டும் குவாரி எந்திரத்தையும் கொண்டுவந்தது. குவாரி தோண்டியதைக் குழாய் சுமந்துவரும். பெட்டி நிரம்பிவிட்டால் சரக்கைத் தரையில் சிந்திவிடும். சிந்திய ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் விளையாட்டே நகராது. அதே காலத்தில் வந்த இன்டஸ்ட்ரியல்கிராஃப்ட் மின்சாரத்தைக் கொண்டுவந்தது. அதன் அரவை எந்திரத்தில் தாதுவைப் போட்டால் ஒன்றுக்கு இரண்டு பங்கு தூள் கிடைக்கும். இந்த இரண்டையும் பார்த்து ஊக்கம் பெற்ற செக் நாட்டு இளைஞர்கள் ஃபேக்டோரியோ என்ற தனி விளையாட்டையே உருவாக்கி 2020-ல் முழுமையாக வெளியிட்டார்கள். ஆலை கட்டுவதுதான் அதில் விளையாட்டே. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: எந்திரங்கள் கக்கும் புகை பரவப் பரவ, அந்த மண்ணின் பூச்சிகள் கோபம் கொண்டு வந்து ஆலையைத் தாக்கும். எங்கள் ஆலைக் கழிவுநீர் ஓடிய வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருந்தவர்கள் படித்தால் ரசிப்பார்கள்.

இனி பஞ்சாயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் போட்ட மாடுகளில் ப்ராஜெக்ட்-ஈ என்று ஒன்று. ஈக்விவலன்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய மாட்டின் வாரிசு. நம் சித்தர்களின் ரசவாதம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள்: சாதாரணக் கல்லுக்கு 1, இரும்புக்கு 256, தங்கத்துக்கு 2048, வைரத்துக்கு 8192. கண்டென்ஸர் என்ற பெட்டியில் வைரம் வேண்டும் என்று காட்டிவிட்டுக் கல்லைக் கொட்டிக்கொண்டே இருந்தால், 8192 கல்லுக்கு ஒரு வைரம் வெளியே வரும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எட்டாயிரம் கல்லை யார் தோண்டுவார்கள்? ஆனால் இந்த உலகில் தண்ணீரும் எரிமலைக் குழம்பும் சந்திக்கும் இடத்தில் கல் தானாக உருவாகும். எடுக்க எடுக்க வரும், செலவில்லை. மஸ்கட் பேரன் இதை எந்திரத்தோடு பொருத்தி, ஹாப்பர் வழியாகக் கண்டென்ஸருக்கு விட்டுவிட்டான். விநாடிக்கு இரண்டரைக் கல் வீதம் ஒரு வைரத்துக்குச் சுமார் 55 நிமிடம். பத்து வரிசை வைத்தால் ஐந்தரை நிமிடம். இவன் தூங்கி எழுவதற்குள் பெட்டி நிறைய வைரம்.

சித்தூர்ப் பேத்திக்குப் பதினொரு வயது. வைரத்தில் ஒரு கடப்பாரை செய்வதற்காக மூன்று வாரம் தினம் அரைமணி நேரம் பூமிக்கு அடியில் தோண்டி இரண்டு வைரம் சேர்த்திருந்தாள். இன்னும் ஒன்று வேண்டும். அண்ணன்காரன் அன்பாகத்தான் செய்தான், கெட்ட எண்ணம் இல்லை: அவள் வீட்டு வாசலில் ஒரு பெட்டி வைரத்தை வைத்துவிட்டுப் போனான். அவள் அதைப் பார்த்துவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து விளையாட வரவில்லை. திருப்பதிக்காரன் அவளுக்காகப் பரிந்து பேச, மஸ்கட்காரன் "சும்மாதானே குடுத்தேன், அதுல என்ன தப்பு?" என்று கேட்க, இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஞாயிறு வீடியோ அழைப்பில் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் "ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இவ்வளவா?" என்றார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1998-ல் எங்கள் ஆலையில் காம்பு வெட்டிச் சீவும் பகுதிக்கு ஒரு புதிய எந்திரம் வந்தது. பொருத்தியவன் நான்தான். ஷிப்டுக்கு நாற்பது பெண்கள் உட்கார்ந்த மேடையில் அடுத்த சீசனில் பன்னிரண்டு பேர். எந்திரம் அருமையாக ஓடியது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. வேலை போனவர்களில் ஒரு அம்மாள் கேட் அருகே என்னை நிறுத்தி, "எங்க கூலிய வாங்கிட்டுப் போயி அது என்ன சாமி பண்ணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பேத்தி அழுதது கூலிக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று வார உழைப்பின் மதிப்பு ஒரே இரவில் இறங்கிப்போவது என்றால் என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. 2025 ஜூனில் எங்கள் மாவட்டத் தோத்தாபுரி விவசாயிகளுக்கு நேர்ந்ததும் வேறு வகையில் இதுதான். விளைச்சல் குவிந்தது, கூழ் ஆலைகள் வாங்கும் வேகமோ விலையோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாக 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடையும் போட்டது. கர்நாடக முதல்வர் அதை எதிர்த்து ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார்.

மாட் எழுதுகிறவர்களும் இந்தச் சிக்கலை வெகுநாளாக அறிவார்கள். எந்திரம் இருந்தால்தான் சுவை. எந்திரமே எல்லாம் செய்துவிட்டால் சுவை போய்விடும். இதைத்தான் அவர்கள் பேலன்ஸ் என்கிறார்கள். கிரெக்டெக் என்ற மாட் ஒரு கோடிக்குப் போயிற்று: வழக்கமாக ஒரு மரத்துண்டுக்கு நான்கு பலகை என்றால், ரம்பம் இல்லாமல் அதில் இரண்டுதான், தவறான வோல்டேஜ் கொடுத்தால் எந்திரம் வெடித்துவிடும். பொறுமைசாலிகளுக்கு மட்டும். கிரியேட் என்ற மாட் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மந்திரப் பெட்டி கிடையாது. தண்ணீர்ச் சக்கரம், தண்டு, பல்சக்கரம், கன்வேயர் எல்லாம் கண்ணெதிரே சுற்றும். சக்கரம் தரும் சக்தியைவிடப் பளு கூடினால் தொடர் முழுவதும் நின்றுவிடும். கோடையில் வோல்டேஜ் இறங்கினால் எங்கள் மோட்டார்கள் நின்றதைப் போலவே.

பிள்ளைகளிடம் திருமலை லட்டைப் பற்றிச் சொன்னேன். மடைப்பள்ளியில் 1984 வரை விறகு, பிறகு கேஸ். பூந்தியையும் லட்டையும் சுமக்க இப்போது கன்வேயர் ஓடுகிறது. ஆனால் 5,100 லட்டுக்கு எதெது எவ்வளவு என்ற ‘திட்டம்’ எழுதி வைத்த கணக்கு. அதையும் காலத்துக்கேற்ப மாற்றியிருக்கிறார்கள், ஆனால் கூடிப் பேசி மாற்றுகிறார்கள். பெல்ட் ஓடுகிறது என்பதற்காக ஆளுக்கு ஆள் அளவை மாற்றுவதில்லை. நீங்களும் ஒரு திட்டம் எழுதுங்கள் என்றேன்.

இரண்டு ஞாயிறு வாதம் நடந்தது. மாட்டை அடியோடு எடுத்துவிடலாம் என்றான் திருப்பதிப் பேரன். நான் ஒப்பவில்லை, மஸ்கட்காரன் புத்தியோடு செய்த வேலைக்கு அது தண்டனை ஆகிவிடும். மதிப்புகளை மாற்ற அந்த மாட்டிலேயே வழி இருக்கிறது என்று அவனே தேடிக் கண்டுபிடித்தான். கல்லின் மதிப்பை ஒன்றிலிருந்து பூஜ்யம் ஆக்கினார்கள். ஒரே ஒரு எண்; பத்து வரிசையும் அன்றே நின்றன. வாசலில் வைத்த வைரங்களை அவனே திரும்ப எடுத்துக்கொண்டான். இனி யாருக்காவது ஏதாவது கொடுப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும் என்பதையும் எழுதினார்கள். அந்த வரி பேத்தி சேர்த்தது.

ஒரு வாரம் அமைதி. பிறகுதான் தெரிந்தது, பிள்ளையாண்டான் கரும்பு போட்டிருக்கிறான்! கரும்புக்கு மதிப்பு 32. தானாக வெட்டும் கரும்புத் தோட்டம் வைத்தால் 256 கரும்புக்கு ஒரு வைரம். வெல்லத்துக்குப் பேர்போன சித்தூர் ஜில்லாவில் இவ்வளவு லாபம் எந்தக் கரும்பு விவசாயியும் கண்டதில்லை. இந்த முறை யாரும் கோபப்படவில்லை. அவனே அறிவித்துவிட்டு, கரும்புக்கு என்ன மதிப்பு வைக்கலாம் என்று கேட்டான். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

விளையாட்டை விலை கொடுத்து வாங்க யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: பின்லாந்துக்காரர் ஒருவர் 2010-ல் தொடங்கிய மைன்டெஸ்ட், 2024 முதல் லுவாண்டி என்ற பெயரில், இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் குழாய், எந்திர மாடுகள் உண்டு. நேரக் கட்டுப்பாடு அவரவர் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் வாரநாளில் அரைமணி, ஞாயிறு இரண்டு மணி. அதில் எனக்கும் பங்கு உண்டு.

பேத்தி மூன்றாவது வைரத்தைத் தானே தோண்டி எடுத்துக் கடப்பாரை செய்துவிட்டாள். இப்போது கிரியேட்டில் மாவு மிஷின் வைத்திருக்கிறாள். கோதுமை கன்வேயரில் வந்து, அரைபட்டு, பிசைந்து, ரொட்டியாக வெளியே வரவேண்டும். போன வாரம் பிசையும் எந்திரத்தைச் சேர்த்ததும் எல்லாம் நின்றுவிட்டது. "தாத்தா, மூணு சக்கரம் பத்தல. நாலாவது வைக்க இடமே இல்ல" என்று போனில் சொன்னாள். மேட்டிலிருந்து தனியாக ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறன்று போய்ப் பார்க்க வேண்டும்.