ஞாயிறு நாலு மணி

நான் போய்வரும் முதியோர் இல்லத்தில் எண்பத்து மூன்று வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால், மூன்றரைக்கே முகம் கழுவிப் பவுடர் போட்டு, பெட்டியின் அடியிலிருந்து எடுத்த கத்திரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் பல்லாங்குழியோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "புளியங்கொட்டையை சனிக்கிழமையே எண்ணி முடிஞ்சு வச்சிருவாங்க" என்று அங்கே வேலை செய்யும் ஆயா ஒருநாள் சொன்னார். ஒரு மணி நேரம் பேச்சுத்துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாட்டிக்கு அந்த ஒரு மணி நேரம் முந்தின நாளே தொடங்கிவிடுகிறது.

இந்தக் காத்திருப்புக்கு என்ன மதிப்பு என்று அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஷுல்ஸ் 1976இல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான். ஒரு முதியோர் இல்லத்தில் சுமார் நாற்பது பேர், அவர்களைப் பார்க்க வந்த கல்லூரி மாணவர்கள், இரண்டு மாத காலம். முதியவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார். மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதை முதல் குழுவினரே முடிவு செய்தார்கள். இரண்டாம் குழுவுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் வரும் நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மூன்றாம் குழுவைப் பார்க்க மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நான்காம் குழுவுக்கு யாரும் வரவில்லை. முதல் மூன்று குழுக்களுக்கும் வருகையின் எண்ணிக்கையும் பேசிய நேரமும் ஒரே அளவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டதுதான் இதன் நுட்பம்.

முடிவில் முதல் இரண்டு குழுவினரும் உடல்நிலையிலும் மனத்தெம்பிலும் சுறுசுறுப்பிலும் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். அந்த இரண்டு குழுக்களுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என்னைத் திடுக்கிட வைத்தது மூன்றாம் குழு. அதே அளவு பேச்சுத்துணை கிடைத்தும், யாருமே வராத குழுவைவிட அவர்கள் மேலாக இல்லை. அப்படியானால் அங்கே மருந்தாக வேலை செய்தது பேச்சு மட்டுமல்ல. 'இன்ன நாள், இன்ன நேரம், எனக்காக ஒருவர் வருவார்' என்ற நிச்சயம்.

முதியோர் இல்லத்தின் ஒரு நாளை உடனிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். எழுப்புவது, குளிக்க வைப்பது, காபி தருவது, விளக்கை அணைப்பது எல்லாம் இல்லத்தின் நேரப்படி. வாழ்நாள் முழுக்க ஒரு குடும்பத்தின் நேரத்தையே கையில் வைத்திருந்த பெண்ணுக்கு, மோர் எப்போது வரும் என்பதுகூட இப்போது பிறர் கையில். சுற்றிலும் அறுபது பேர் இருந்தும் தனிமை போகாததற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணத்தை 1973இலேயே ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் பிரித்துக் காட்டினார்: பழகும் வட்டம் இல்லாத தனிமை வேறு, மனதுக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை வேறு. முதலாவதைக் கூட்டம் ஓரளவு தீர்க்கும். இரண்டாவதை எந்தக் கூட்டமும் தீர்க்காது.

மூளைக்குத் தனிமையும் பசி போலத்தான். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் நாற்பது பேரை ஒருநாள் பத்து மணி நேரம் தனியாக இருக்க வைத்தார்கள். வேறொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பசித்தவர்களுக்கு உணவின் படத்தைக் காட்டினால் நடுமூளையின் ஒரு பகுதி எப்படிக் கிளர்ந்ததோ, தனித்திருந்தவர்களுக்கு மனிதர்கள் கூடிப் பேசும் படத்தைக் காட்டியபோதும் அதே பகுதி அதேபோலக் கிளர்ந்தது. அவர்கள் இளையவர்கள், இருந்ததோ பத்தே மணி நேரம்.

நம் ஊரில் முதியோர் இல்லத்துக்குப் போவது என்றால் பெரும்பாலும் பிறந்தநாளுக்கோ திதிக்கோ ஒருவேளைச் சாப்பாடு போடப் போவதுதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல இல்லங்களின் அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரிகிறது. ஆனால் வடை பாயசத்தோடு வந்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, அரை மணியில் வேன் ஏறும் வருகை ஷுல்ஸின் மூன்றாம் குழு வருகை. அந்தக் குடும்பம் மறுபடி எப்போது வரும் என்று இல்லத்தில் எவருக்கும் தெரியாது.

ஷுல்ஸ் ஆய்வுக்கு ஒரு பின்கதை உண்டு. அதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆய்வு முடிந்ததும் மாணவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். 24, 30, 42 மாதங்கள் கழித்து ஷுல்ஸும் பார்பரா ஹனூசாவும் அதே முதியவர்களைத் திரும்பப் பார்த்தார்கள். முன்பு நன்றாகத் தேறியிருந்த அந்த இரண்டு குழுக்களும்தான் சரிந்திருந்தன. மற்ற இரண்டு குழுக்களில் அப்படிச் சரிவு இல்லை. கொடுத்த நிச்சயத்தைத் திரும்பப் பிடுங்கினால், கொடுக்காமலே இருந்ததைவிடக் கேடு அதிகம். நல்லது செய்யப் போன தங்கள் ஆய்வே இப்படி முடிந்ததை மறைக்காமல் 1978இல் வெளியிட்டார்கள். தன்னார்வலராகப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவர் கையிலும் இந்த ஒரு முடிவையாவது கொடுக்க வேண்டும்.

இதே காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் ஆர்டன் ஹவுஸ் இல்லத்தில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் செய்த ஆய்வில், ஒரு மாடியில் இருந்தவர்களுக்குச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே வளர்க்கவும், அறையைத் தாங்களே ஒழுங்கு செய்துகொள்ளவும் சொன்னார்கள். அங்கே 18 மாதம் கழித்தும் நன்மை நிலைத்திருந்தது. ஆய்வாளர்கள் போய்விட்டாலும் முடிவெடுக்கும் பழக்கம் போகவில்லை. நிச்சயத்தைத் தர வேறொரு வழியும் உண்டு. நெதர்லாந்தின் டெவன்டர் நகரிலுள்ள ஹுமானிடாஸ் இல்லத்தில் கல்லூரி மாணவர்கள் வாடகை இல்லாமல் தங்குகிறார்கள். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் நல்ல பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர் வருவாரா மாட்டாரா என்ற கேள்வியே எழாது.

போன ஆவணியில் மூன்று ஞாயிறு நான் போகவில்லை. வீட்டில் ஒரு கல்யாணம், பிறகு காய்ச்சல். ஒரு போன் செய்யக்கூடத் தோன்றவில்லை. நாலாவது வாரம் போனபோது வராந்தா பெஞ்ச் காலி. பாட்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பல்லாங்குழி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"உடம்பு சரியில்லையா பாட்டி?"

"உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. மூணு வாரமும் சேலை மாத்திட்டு உக்காந்திருந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். அன்று விளையாடவில்லை.

இப்போது நானும் இன்னொரு பெண்ணும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் போவார், யார் வருகிறார் என்பதை முதல் நாளே ஆயாவிடம் சொல்லிவிடுவோம். பாட்டியின் கட்டிலுக்கு மேலே ஒரு தினசரிக் காலண்டர் மாட்டினேன். கிளம்பும்போது தாள்களைப் புரட்டி அடுத்த ஞாயிற்றில் பேனாவால் '4 மணி' என்று எழுதிவிட்டு வருவேன். போன வாரம் எழுதப் போனபோது பேனாவை என் கையிலிருந்து பாட்டி வாங்கிக்கொண்டார்.

"நாலு வேணாம். நாலு மணிக்குத்தான் டீ வருது, பாதி ஆட்டத்துல எந்திரிக்க வேண்டியிருக்கு. அஞ்சு மணிக்கு வா."

கை நடுங்க, கொஞ்சம் பெரிதாகவே, 5 என்று எழுதினார்.