பெயரில்லாக் கடிதமும் நீதமான விசாரணையும்

கணினித் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவிகள் பெங்களூர் இன்போசிஸ் நிறுவனத்தை அறிந்திருப்பீர்கள். 2019 ஒக்டோபரில் அதன் தலைமை நிறைவேற்று அதிகாரி சலீல் பரேக் மீது, பெயர் குறிப்பிடாத ஊழியர்கள் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் வெளியே வந்தது. இலாபத்தைக் கூட்டிக் காட்டக் கணக்கு வழக்குகளில் முறைகேடு செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஒக்டோபர் 22 அன்று ஒரே நாளில் பங்கு விலை ஏறத்தாழ 16 வீதம் சரிந்தது. விசாரணை முடிய இன்னும் இரண்டரை மாதங்கள் இருந்தன.

வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொண்ட பின்பே செயற்பட வேண்டும் என்பதை ஸூரதுல் ஹுஜுராத்தில் படித்திருக்கிறோம். அதற்காகப் பெயரில்லாக் கடிதத்தைக் குப்பையில் போடுவதும் நீதியாகாது. தொழில் பறிபோகும் என்று அஞ்சுபவர் வேறு எப்படித்தான் முறையிடுவார்?

பணிப்பாளர் சபை பரேக்கை இவ்விடயத்திலிருந்து விலக்கி வைத்தது. கணக்காய்வுக் குழு, வெளிச் சட்ட நிறுவனமொன்றின் உதவியுடன் 77 பேரை விசாரித்து, இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான ஆவணங்களைப் பரிசீலித்தது. முறைகேட்டுக்குச் சான்றில்லை என 2020 ஜனவரி 10 அன்று அறிவித்தது. குழுவும் அதே நிறுவனத்தினுடையதுதானே என்று கேட்பது நியாயமே. ஆனால் தனியாக விசாரித்த அமெரிக்கப் பிணையங்கள், பரிவர்த்தனை ஆணைக்குழுவும் அந்த மார்ச்சில் நடவடிக்கை எதுவுமின்றித் தன் விசாரணையை முடித்துக்கொண்டது.